வண்டிப்பாதைக்கு எந்த வண்டி? எக்ஸ்எல்லும் ஸ்ப்ளெண்டரும்

கரிசல் காட்டில் ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் வண்டி எடுப்பவன் கையில் ஒரு குச்சி இருக்க வேண்டும். ஒரு முழ நீளம், வேலிக்கருவையில் ஒடித்தது, முனை சீவியது. நூறு அடி போவதற்குள் டயரில் மண் ஏறிவிடும். அடுத்த நூறு அடியில் அது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சக்கரம் சுற்றாது. எஞ்சின் உறுமும், வண்டி நிற்கும். இறங்கி, சாய்த்துப் போட்டு, குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறினால் இன்னொரு நூறு அடி.

மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு காலையில் நான் ஸ்ப்ளெண்டரைச் சாய்த்துப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு எக்ஸ்எல் சத்தம். எங்கள் ஊர் மாமா ஒருவர். முன்னால் கால் வைக்கிற இடத்தில் பருத்திக்கொட்டை மூட்டை, பின்னால் பால் கேன். இரண்டு காலையும் இரு பக்கமும் தொங்கவிட்டு, தரையைத் தொட்டுத் தொட்டு, நடக்கிற வேகத்தில் வந்தார். “என்ன மாப்ள, பெரிய வண்டி படுத்துட்டா?” என்று கேட்டுவிட்டு நிற்காமலே போனார். நின்றால் அவருக்கும் மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டியும் உண்டு. எக்ஸ்எல் அப்பா காட்டுக்குப் போக வாங்கியது. ஸ்ப்ளெண்டர், எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்ததும் நான் வாங்கியது. அன்றைக்குப் பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி வேலைக்கு எடுத்துப்போனேன். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது. வெயிலிலும் மழையிலும் அதே பாதை, அதே ஆள். அந்த அனுபவம்தான் இந்தக் கட்டுரை.

பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டயபுரத்துக்குக் கிழக்கே, வீட்டிலிருந்து 6 கிலோமீட்டர் வண்டிப்பாதை. கொஞ்ச தூரம் செம்மண் கொட்டியிருக்கிறார்கள், கொஞ்ச தூரம் எப்போதோ விரித்த ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது, மீதி வெறும் கரிசல். நடுவில் ஒரு ஓடை, அதன் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம். அதைத் தாண்டினால் ஒன்றிய ரோடு, பிறகு தூத்துக்குடிக்குப் போகிற நான்குவழிச் சாலை, ஆக 14 கிலோமீட்டர் தார். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-த்தில் வந்தபோது சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்கிற குடியிருப்புகளைத்தான் கணக்கில் எடுத்தது. எங்கள் ஊரில் அத்தனை தலை கிடையாது. ஆகவே இந்தப் பாதை இப்படியேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வண்டியை யோசிக்க வேண்டும்.

இனி வண்டிகள். ஓசூரில் 1980-இல் பிறந்த டிவிஎஸ் 50-இன் வழிவந்ததுதான் எக்ஸ்எல். இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று இந்தியாவில் முதலில் வந்த மொபெட் அந்த டிவிஎஸ் 50. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய டூ-ஸ்ட்ரோக் காலம் போய், 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்எல் 100 வந்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் எந்த மாடலைப் பார்த்தாலும் ‘டிவிஎஸ் பிப்டி’ என்றுதான் சொல்வார்கள். ஸ்ப்ளெண்டர் 1994-இல் வந்தது. ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்திருந்த நாட்களில், 1985-இன் சிடி 100 போட்டுக்கொடுத்த வழியில். கூட்டு பிரிந்த பிறகும் வண்டியின் குணம் பெரிதாக மாறவில்லை. இரண்டுமே ஏறக்குறைய 100 சிசி. இரண்டுமே எந்தக் கிராமத்து ஒர்க்‌ஷாப்பிலும் பழுது பார்க்கக்கூடியவை. ஆகவே சாமான் கிடைக்குமா, மெக்கானிக்குக்குத் தெரியுமா என்ற கேள்விகளை இங்கேயே முடித்துவிடலாம். ரெண்டுக்கும் கிடைக்கும், ரெண்டும் தெரியும்.

ஷோரூமில் கேட்டால் ஸ்ப்ளெண்டர் 8 குதிரைத்திறன், எக்ஸ்எல் 4.4 என்பார்கள். பாதிதான் இருக்கிறதே என்று மனசு தளரும். ஆனால் வண்டிப்பாதையில் அந்த 8-ஐ யாரும் பார்ப்பதில்லை. அது 8000 சுற்றில் வருகிற திறன். குழிக்குள் விழுந்து எழுந்து, மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவனுக்கு வேண்டியது, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சக்கரத்தைத் தள்ளுகிற இழுவிசை. எக்ஸ்எல் தன் முழு இழுவிசையான 6.5 நியூட்டன் மீட்டரை 3500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரின் 8.05 வருவதற்கு 6000 சுற்று ஆக வேண்டும். ஆகவே ஸ்ப்ளெண்டரில் கியரைக் குறைத்துக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட வேண்டியிருக்கிறது. எங்கள் பாதையின் 6 கிலோமீட்டரில் மூன்றாவது கியர் போடுகிற இடம் மொத்தம் இரண்டுதான். மீதி தூரமெல்லாம் ஒன்றும் இரண்டும். குழிக்குக் குழி இடது கை கிளட்சை அமுக்குகிறது, இடது கால் கியரைத் தட்டுகிறது. எக்ஸ்எல்லில் கியரே கிடையாது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் போகும், விட்டால் நிற்கும். இதை வசதி என்று மட்டும் பார்க்கக் கூடாது. கவனிக்க வேண்டியது பாதையை. கையும் காலும் வேறு வேலையில் இருந்தால் கண்ணும் அங்கேதான் போகும்.

குழியைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: பெரிய சக்கரம் குழியில் விழாது, சின்னச் சக்கரம் விழும். பாதி உண்மை. ஸ்ப்ளெண்டரின் ரிம் 18 அங்குலம், எக்ஸ்எல்லின் ரிம் 16. டயரோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று சுமார் 62 சென்டிமீட்டர் உயரம், மற்றது 53. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழி இருக்கிறது என்று வையுங்கள். அதன் இரண்டு விளிம்புக்கும் நடுவே சக்கரம் எவ்வளவு இறங்கும் என்று பள்ளிக்கூட வடிவியலை வைத்துக் கணக்குப் போட்டேன். ஸ்ப்ளெண்டர் 2.6 சென்டிமீட்டர். எக்ஸ்எல் 3.1. வெறும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம்! 10 அங்குல ரிம் போட்ட ஸ்கூட்டருக்கு இதே கணக்கு 4 சென்டிமீட்டர் வருகிறது. ஸ்கூட்டரை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்காததற்குக் காரணம் அதுதான்.

பிறகு ஏன் ஸ்ப்ளெண்டரில் போகும்போது இடுப்பு வலி குறைவு என்கிறார்கள்? சீட்டு நீளம், ஷாக் அப்சார்பர் நல்லது, பின் ஷாக்கை ஐந்து நிலையில் கூட்டிக் குறைக்கலாம். (வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை ஒரு தடவைகூடத் திருகாதவர்கள்தான் அதிகம். தனியாகப் போகிறவர் மென்மையான நிலையிலும், பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றுகிறவர் இறுக்கமான நிலையிலும் வைத்துக்கொண்டால் வண்டியே வேறு மாதிரி ஓடும்.) ஆனால் அந்தச் சொகுசுக்கு ஒரு விலை இருக்கிறது. ஸ்ப்ளெண்டரில் உட்கார்ந்தால் கை தானாகத் திருகுகிறது. 40-இல் போகிறோம் என்பதே தெரியாது. குழியின் விளிம்பில் மோதும்போது அடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20-இல் வாங்குகிற அடிக்கு நான்கு மடங்கு 40-இல். அரை சென்டிமீட்டர் சக்கரத்தில் மிச்சம் பிடித்ததை, வேகத்தில் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறோம். எக்ஸ்எல்லில் 30-ஐத் தாண்டினாலே குலுக்கல் எச்சரிக்கை பண்ணிவிடும். என் இடுப்பைக் கேட்டால், மாதக் கணக்கில் எக்ஸ்எல்லுக்குத்தான் ஓட்டுப் போடும்.

இப்போது சேறு. கரிசலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மண்ணில் இருக்கிற களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் டயர் இறங்குகிற அகலத்துக்கு வெடிப்பு விடுவதும் அதே மண்தான், மழையில் பசை மாதிரி ஏறுவதும் அதே மண்தான். செம்மண் சேறு வழுக்கும். கரிசல் சேறு பிடிக்கும். இந்தச் சேற்றில் இரண்டு வண்டியும் நிற்கும், ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். வித்தியாசம் நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஸ்ப்ளெண்டர் வெறும் வண்டியே 112 கிலோ. எக்ஸ்எல் 90-க்குள். சக்கரங்களில் அப்பிய மண்ணோடு ஸ்ப்ளெண்டரின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வரப்பில் வைக்க எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். எக்ஸ்எல்லை என் அம்மாவே இழுத்து ஓரம் கட்டியிருக்கிறாள்.

அதைவிட முக்கியமான ஒன்றை நான் மூன்றாவது மாதத்தில்தான் கண்டுபிடித்தேன், மாமா காலைத் தொங்கவிட்டுப் போனதை நினைத்துப் பார்த்தபோது. எக்ஸ்எல்லுக்கு இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிறது. வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். காலுக்கு வேலை கிடையாது. வழுக்குகிற இடத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடியே பின் பிரேக்கைப் பிடிக்கலாம். ஸ்ப்ளெண்டரில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. வண்டி வலது பக்கம் சாயப்போகிறது என்று வலது காலை ஊன்றிவிட்டால் மீதி இருப்பது முன் பிரேக் மட்டும். சேற்றில் முன் பிரேக்கைப் பிடித்தவன் எங்கே போவான் என்று சொல்ல வேண்டியதில்லை. இடது காலை மட்டும் ஊன்றி ஓட்டப் பழகலாம். நான் பழகினேன். ஆனால் பாதை எந்தப் பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்பதை நம்மைக் கேட்டா முடிவு செய்கிறது?

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்னொரு விஷயம் உண்டு. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஒரே பிடியில் இரண்டு சக்கரமும் பிரேக் பிடிக்கிற ஏற்பாடு கட்டாயமானது. பின் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கமும் கொஞ்சம் பிடிக்கும். தார் ரோட்டில் நல்ல விஷயம். சேற்றிலும் மணலிலும் பிடியை நோகாமல் போட வேண்டும். பழைய வண்டியிலிருந்து புதியதுக்கு மாறுகிறவர்கள் முதல் மழையில் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

எக்ஸ்எல்லைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று தோன்றுகிறதா? அதன் வம்பும் சேற்றிலேயே இருக்கிறது. கியர் இல்லாத வண்டியில் கிளட்ச் தானாக எஞ்சின் வேகத்தில் விரிந்து பிடிக்கிறது. ஆழச் சேற்றில், ஏற்றிய பாரத்தோடு மாட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது, நடுவில் கிளட்ச் கட்டை தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாசனை வரும்; கருகிய ரப்பருக்கும் தீய்ந்த வெல்லத்துக்கும் நடுவில் ஒன்று. அந்த வாசனை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ள வேண்டும். அப்படி இறங்காமல் வம்பு பண்ணி ஒரு கிளட்ச் செட்டைத் தீர்த்திருக்கிறேன். தப்பு என்னுடையது. ஸ்ப்ளெண்டரில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை அரைப் பிடியில் வைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றலாம். தரைப்பாலத்திலிருந்து மேடு ஏறுகிற அந்த முப்பது அடியில் மட்டும் ஸ்ப்ளெண்டர்தான் ராஜா. இறக்கத்திலும் அப்படித்தான்: முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எக்ஸ்எல்லில் வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடுகிறது. பிறகு பிரேக்தான் கதி.

பாரம் ஏற்றுவதைப் பற்றிப் பேசாமல் எக்ஸ்எல்லைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. முன்னால் கால் வைக்கிற இடம் வெறும் தட்டை. அங்கே ஒரு உர மூட்டை நிற்கும், ஒரு ஆடு படுத்துக்கொள்ளும், கேஸ் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் பால் கேனோ, கரி மூட்டையோ, பிளாஸ்டிக் குடங்களோ தொங்கும். விளாத்திகுளம் பக்கம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போடுகிறவர்கள் கரியைச் சந்தைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இதில்தான். இதில் இருக்கிற சூட்சுமம் பாரத்தின் எடையைவிட அது உட்கார்கிற இடம். முன்தட்டில் வைத்த மூட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஸ்ப்ளெண்டரில் மூட்டைக்கு இடம் பின் சீட்டு மட்டும். அது உயரம், பின் அச்சுக்கு மேலே, சில சமயம் அதற்கும் பின்னாலே. முன் சக்கரம் லேசாகிவிடும். ஒருமுறை ஐம்பது கிலோ மூட்டையைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு, ஓடை மணலில் ஹேண்டில்பாரைத் திருப்பினேன். ஹேண்டில்பார் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மூட்டையும் நானும் தனித்தனியாகக் கிடந்தோம். அதே மூட்டையை மறுநாள் எக்ஸ்எல்லின் முன்தட்டில் வைத்துக்கொண்டு, முழங்காலை அகட்டிக்கொண்டு, அதே மணலைத் தாண்டினேன்.

சேலை கட்டிய பெண்கள் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறார்கள் என்றால் அது எக்ஸ்எல்தான். சத்துணவுக் கூடத்துக்குப் போகிற அக்கா, காட்டுக்குப் போகிற சித்தி, யாரும் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எக்ஸ்எல் பக்கம் சாய்வேன். ஆம்பிளை மட்டும் எடுத்துப்போகிற வண்டி பகல் முழுக்க அவன் வேலை பார்க்கிற இடத்து நிழலில் சும்மா நிற்கிறது. இதற்கிடையில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும்: எக்ஸ்எல்லுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகை 50 சிசி வரைக்கும்தான். எக்ஸ்எல் 100-க்கு 18 முடிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் போதும். ஹெல்மெட்டும் கட்டாயம். வண்டிப்பாதையில் யாரும் பிடிக்கப்போவதில்லை, நிஜம். ஜல்லி பிடிக்கும்.

முள். வேலிக்கருவை இருக்கிற இடத்தில் பஞ்சர் தினப்படி சமாசாரம். இப்போதைய ஸ்ப்ளெண்டரில் அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் வருகின்றன. முள் ஏறினாலும் காற்று மெள்ளத்தான் இறங்கும். முள்ளைப் பிடுங்காமல் ஊர் வந்து சேர்ந்துவிடலாம். எங்கள் எக்ஸ்எல் ஸ்போக் கம்பிச் சக்கரம், ட்யூப் வைத்தது. முள் ஏறினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இந்த விஷயத்தில் ஸ்ப்ளெண்டருக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்த அலாய், ஜல்லியின் கூர்விளிம்பில் வேகமாக மோதினால் நெளியும் அல்லது விரியும். விரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஸ்போக் ரிம் கோணினால் கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. முள் அதிகம், ஜல்லி குறைவு என்றால் அலாய். ஜல்லி அதிகம் என்றால் ஸ்போக். எங்கள் பாதையில் இரண்டும் சரிசமம். ஆகவே இதில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ஸ்ப்ளெண்டருக்குச் சாதகமாக இன்னொன்று, யாரும் கண்டுகொள்ளாதது: அதன் செயினை முழுவதும் மூடிய தகர உறை. புழுதியும் சேறும் செயினைத் தொடாது. திறந்த செயின் போட்ட ஸ்டைல் பைக்குகளை வாங்கிவிட்டு, எங்கள் ஊர்ப் பையன்கள் வருஷத்துக்கு ஒரு செயின் செட் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டிப்பாதைக்குப் பைக் வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் முதலில் குனிந்து செயின் உறையைப் பாருங்கள்.

இப்போது அந்த 14 கிலோமீட்டர் தாருக்கு வருவோம். இங்கே எக்ஸ்எல் தோற்கிறது. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை. நான்குவழிச் சாலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகின்றன. எக்ஸ்எல்லை 50-இல் பிடித்தால் எஞ்சின் முனகத் தொடங்குகிறது. 60-ஐ ஒட்டி அதன் எல்லை வந்துவிடுகிறது. லாரி தாண்டிப் போகும்போது அதன் காற்று 90 கிலோவுக்கும் குறைந்த வண்டியை முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். பஸ் பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஒதுங்குகிற இடத்தில் தார் விளிம்பு அரை அடி உயரத்தில் முறிந்திருக்கும். ஸ்ப்ளெண்டரில் 60-இல் நிதானமாகப் போகலாம், தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டி ஒரு டிராக்டரைத் தாண்டலாம். 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக் எக்ஸ்எல்லின் 110-ஐவிட நம்பிக்கையாகப் பிடிக்கிறது. இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

பெட்ரோல் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் சிக்கனமான வண்டிகள். ஓட்டுகிற கையைப் பொறுத்துத்தான் கூடுவதும் குறைவதும். ஆனால் டேங்க் அளவு கவனிக்க வேண்டியது. எக்ஸ்எல் 4 லிட்டர், ஸ்ப்ளெண்டர் 9.8. லிட்டருக்கு 50 என்றே வைத்துக்கொண்டாலும் எக்ஸ்எல் 200 கிலோமீட்டரில் காலி. தினம் 40 கிலோமீட்டர் போய் வருகிறவன் ஐந்தாம் நாள் பங்க்கில் நிற்க வேண்டும். பங்க் இருப்பதோ நான்குவழிச் சாலையில். அப்பாவுக்கு இது பிரச்சினையே இல்லை. காட்டுக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவருக்கு 4 லிட்டர் மூன்று வாரம் வரும். எனக்குத் தொந்தரவு. விலையில் எக்ஸ்எல் மலிவு, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆகவே என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் எவ்வளவு தூரம்? தார் ஏறிய பிறகு எவ்வளவு தூரம்? போன மாதம் பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர் கேட்டார். அவருக்கு 5 கிலோமீட்டர் வண்டிப்பாதை, ஒன்றரை கிலோமீட்டர் ஒன்றிய ரோடு. “எக்ஸ்எல் எடுங்கக்கா, யோசிக்காதீங்க” என்றேன். தார் ரோட்டு ஓரத்திலேயே வீடு, அரைக் கிலோமீட்டர்தான் மண், தினம் கோவில்பட்டி மில்லுக்குப் போகிற பையனுக்கு ஸ்ப்ளெண்டர்தான். அவன் அம்மா எக்ஸ்எல்லே போதும் என்றாள்; நான் ஒத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்எல்லில் நான்குவழிச் சாலையில் தினப்படி போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. பாரம் ஏற்றுகிறவர்கள், சேலை கட்டி ஓட்டுகிறவர்கள், ஒரே வண்டியை நாலு பேர் எடுக்கிற வீடு, இவர்களுக்குத் தார் பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால் எக்ஸ்எல். அதைத் தாண்டி, அதுவும் நெடுஞ்சாலை என்றால் ஸ்ப்ளெண்டர். பாதையில் 20-க்கு மேல் போவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு.

என்னைப் போல 6-ம் 14-மாக நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் கஷ்டம். தை முதல் புரட்டாசி வரை நான் ஸ்ப்ளெண்டரில் போகிறேன். ஐப்பசி பிறந்தால் அப்பாவின் எக்ஸ்எல்லை வாங்கிக்கொள்கிறேன்; அந்த இரண்டு மூன்று மாதம் அவர் காட்டுக்கு நடந்துதான் போகிறார், மழையில் காட்டுக்குள் எந்த வண்டியும் இறங்காது என்பதால். ஒன்றிய ரோட்டு முக்கில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் எக்ஸ்எல்லை நிறுத்திப் பூட்டிவிட்டு 8.40 பஸ்ஸைப் பிடிக்கிறேன். மழை நாட்களில் அந்த மரத்தடியில் பதினைந்து வண்டிக்குக் குறையாமல் நிற்கும். போன ஐப்பசியில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: பதினேழு. அதில் பதினான்கு எக்ஸ்எல்.